எண்பதில் ஒன்றைக் காணோம்

நீங்கள் எல்லாரும் என்னைவிட வேகமாக டைப் அடிக்கிறீர்கள். நான் ஒரு பத்திரம் எழுத எடுத்துக்கொண்ட நேரத்தில் நீங்கள் நாலு முடித்து, டீயும் குடித்துவிட்டு வந்துவிடுகிறீர்கள். எனக்குப் பொறாமைதான். ஆனால் போன மாதம் உங்களில் ஒருவர், பெயர் சொல்ல மாட்டேன், இதைப் படிக்கும்போது காது சிவந்தால் போதும், ஒரு வீட்டுப் பத்திரத்தைக் கொண்டுவந்து, "சரியா இருக்கா பாருங்கம்மா" என்று நீட்டினார். அம்மாவுக்கு மூன்றில் ஒன்று, மகனுக்கு இரண்டில் ஒன்று, மகளுக்கு நான்கில் ஒன்று. ஒரு தடவை படித்தேன். இன்னொரு தடவையும் படித்தேன்.

"ஏன் தம்பி, இந்த வீட்டுக்கு மேல மாடி ஏதும் இருக்கா?"

"இல்லம்மா, ஓட்டு வீடு."

"அப்ப பன்னெண்டுல பதிமூணு பங்கு எங்கேருந்து வந்துச்சு?"

அவர் சிரித்தார். நானும் சிரித்திருப்பேன். ஆனால் நான் இதைவிட மோசமான காரியம் செய்தவள். அவர் தப்பு வெள்ளைத் தாளில் இருக்கும்போதே பிடிபட்டது. என்னுடையது முத்திரைத்தாளில் ஏறி, நாலு பேர் கையெழுத்தும் வாங்கி, சார்பதிவாளர் அறை வாசல் வரைக்கும் போய்விட்டது. அதைத்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன். சட்டம், நடைமுறை எல்லாம் உங்களுக்கே தெரியும், அதில் உங்களுக்கு நான் தேவையில்லை.

கீழே நிற்கும் பகுதி எண்கள் வேறு வேறாக இருக்கும் பின்னங்களைக் கண் கூட்டாது. இதை நன்றாக மனதில் போட்டுக்கொள்ளுங்கள். அரையும் காலும் முக்கால் என்று கண் சொல்லிவிடும். பதினாறில் ஐந்தும் இருபதில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு என்று கேட்டால் அது வேறெங்கோ பார்க்கும். எல்லாவற்றையும் ஒரே பகுதிக்குக் கொண்டுவந்து, கையால் கூட்டினால்தான் உண்டு. ஐந்தாம் வகுப்பில் இதற்காகக் குட்டு வாங்கியவள்தான் நானும். வாங்கியதை மறந்துவிட்டேன், அவ்வளவுதான்.

நான் வேலை பார்த்த கடை சார்பதிவாளர் அலுவலகத்துக்கு நேர் எதிரே இருந்தது. கடைக்காரரை இங்கே மூத்தவர் என்று மட்டும் சொல்லிப் போகிறேன். எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பாகப்பிரிவினைக்கும் பத்திரம் எழுதும் முன் ஒரு வெள்ளைத் தாளில் யார் யாருக்கு எத்தனை பங்கு என்று வரிசையாக எழுதி, அடியில் கோடு போட்டு, மொத்தம் என்று எழுத வேண்டும். அதைக் கடைத் தாள் என்போம். மொத்தம் ஒன்று என்று வர வேண்டும். வந்தால்தான் முத்திரைத்தாளைத் தொடலாம். இன்னொன்று, பீரோக் கதவின் உள்பக்கம் ஒரு பழுப்பேறிய அட்டை ஒட்டியிருக்கும். பழைய பத்திரங்களில் வரும் பின்னங்களின் பெயர்கள் அதில் இருந்தன. நான் தினமும் பீரோவைத் திறந்து மூடினேன். அந்த அட்டையைப் படித்ததாக நினைவில்லை.

அது கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகளை அமெரிக்காக்காரன் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஏற்றிக்கொண்டிருந்த சமயம். அதற்கு முன்பே சிங்கப்பூர், துபாய் என்று போனதில் எங்கள் பக்கத்துத் தெருக்களில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. சாலையோர வயல்களில் கலர் கொடி கட்டி, கல் பதித்து, மனை போட ஆரம்பித்திருந்தார்கள். லீவில் வருகிறவர்கள் பெட்டியை இறக்கிய கையோடு எங்கள் கடைக்கு வருவார்கள். பதினைந்து நாளில் கல்யாணம், காதுகுத்து, நாகூருக்கு நேர்ந்துகொண்டது, பாகப்பிரிவினை எல்லாம் முடிந்தாக வேண்டும். அந்த அவசரம் எங்களுக்கும் தொற்றிக்கொண்டது.

அப்படி வந்த குடும்பம்தான் இது. கும்பகோணம் சாலையை ஒட்டி ஒரு வேலி நிலம். ஒரு வேலி என்றால் இருபது மா, ஒரு மா என்றால் நூறு குழி. ஆக மொத்தம் இரண்டாயிரம் குழி. ஒரு பெரியவர் தன் காலத்தில் இதை மூன்று மகன்களுக்கும் ஒரு மகளுக்கும் பங்காக எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார். வரப்பு பிரித்துக் கொடுக்கவில்லை. அந்த நாலு பேரும் காலமாகி, இப்போது அவர்கள் பிள்ளைகள் நாலு பேர். மூத்த மகனின் மகன் கலியபெருமாள், ஊரிலேயே இருந்து மொத்த நிலத்தையும் சாகுபடி செய்தவர். இரண்டாமவரின் மகன் சிங்கப்பூரில், தனக்காகக் கையெழுத்துப் போடும் பவரைக் கலியபெருமாளுக்குக் கொடுத்திருந்தார். மூன்றாமவரின் மகன் ரவி, அமெரிக்காவில் இருந்து வந்திருந்தார். நாலாவது, அந்த மகளின் மகள் மரகதம். ஐம்பது வயது இருக்கும், பள்ளிக்கூடச் சத்துணவில் சமையல் வேலை. கணவர் இல்லை. அந்த நிலத்தின் சாலையோர மூலையில் அவர் அம்மா கட்டிய வீடு ஒன்று இருந்தது. மரகதம் அதில்தான் பிறந்து, அதில்தான் இருந்தார்.

அந்த வீடுதான் சிக்கல். நிலத்தை வாங்கி மனை போட இருந்தவருக்குச் சாலையோரம் வேண்டும். கலியபெருமாள் கட்சி இது: அத்தைக்கு, அதாவது மரகதத்தின் அம்மாவுக்கு, எழுதிவைத்தது ஒரு மா நிலம், அதை வாய்க்கால் பக்கம் தனியாகக் கொடுத்துவிடலாம். வீடு இருக்கும் இடம் இரக்கப்பட்டு இருக்கவிட்டது, அதில் மரகதத்துக்குப் பாத்தியம் இல்லை. அவர் கெட்ட மனிதர் இல்லை. அவருடைய அப்பா அப்படிச் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். வாய்க்கால் பக்கமே ஒரு அறை கட்டித் தருவதாகவும் சொல்லியிருந்தார். மரகதம் மறுத்துப் பேசவில்லை. பேச அவரிடம் காகிதம் எதுவும் இல்லை.

காகிதம் என்னிடம்தான் இருந்தது. பெரியவர் எழுதிய மூலப் பத்திரத்தைக் கரையான் தின்றுவிட்டது. அலுவலகத்தில் கையால் எழுதி வாங்கிய நகல் ஒன்று வந்தது. மகன்கள் பங்கு எனக்குச் சுலபம். பிற்பாடு பம்புசெட் கடனுக்காக அவர்கள் எழுதிய பத்திரங்களில் ஆளுக்குப் பதினாறில் ஐந்து என்று இலக்கத்திலேயே இருந்தது. மகள் பங்கு மட்டும் இந்த நகலில்தான், அதுவும் எழுத்தில். பழைய பத்திரங்களில் புள்ளியும் கிடையாது, இடைவெளியும் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு வரி இப்படி முடிந்தது: "என் குமாரத்திக்கு மஞ்சள்காணியாக மா". அடுத்த வரி இப்படித் தொடங்கியது: "காணி நீக்கி".

மஞ்சள்காணி என்பது கல்யாணத்தில் பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் கொடுக்கும் நிலம். அங்கே காணி என்றால் நிலம். ஆகவே அடுத்ததாக வந்த காணியும் நிலம்தான் என்று எடுத்துக்கொண்டேன். ஒரு மா நிலம், அதை நீக்கி மற்றது மகன்களுக்கு. கலியபெருமாள் சொன்னதும் அதுதானே? வேலியில் ஒரு மா என்றால் இருபதில் ஒன்று. கடைத் தாளில் எழுதினேன்: பதினாறில் ஐந்து, பதினாறில் ஐந்து, பதினாறில் ஐந்து, இருபதில் ஒன்று. கோடு போட்டேன். மொத்தம் ஒன்று என்று எழுதினேன்.

கூட்டவில்லை. எப்போதும் ஒன்றுதானே வரும் என்று எழுதிவிட்டேன். மூத்தவர் இருந்திருந்தால் தாளை வாங்கிப் பார்த்திருப்பார். அவர் அன்று திருக்கடையூரில் இருந்தார், அவருக்கே அறுபதாம் கல்யாணம். கடை என் பொறுப்பு. உரிமம் வாங்கி மூன்று வருஷம் ஆகியிருந்தது. எனக்குக் கொஞ்சம் கொம்பு முளைத்திருந்த சமயம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காலை பத்து மணிக்கு எல்லாரும் கடையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்கள். ரவி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே போட்டார். ஐந்து மணிக்குச் சென்னைக்குக் கார், விடிந்தால் விமானம். கடைசியாக மரகதம் பேனாவைக் கையில் வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"மாவும் காணியும் சரியா வந்திருக்காம்மா?"

"வந்திருக்குக்கா, போடுங்க" என்றேன். எதைக் கேட்கிறார் என்று நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. மா நிலம் வந்ததா என்று கேட்கிறார், வந்திருக்கிறது, அவ்வளவுதான். அவர் நான் காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டார்.

மத்தியானம் கரண்ட் போய்விட்டது. எங்களுக்கு முன்னால் ஏழெட்டுப் பத்திரம், இருட்டறையில் ஒவ்வொன்றாக மெதுவாக நகர்ந்தது. அலுவலக வராந்தாவில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மனை போடுகிறவர் கார் சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்றார். எங்கள் பாகப்பிரிவினை முடிந்த கையோடு அவருடைய கிரயப் பத்திரமும் பதிவாக வேண்டும், அதையும் நான்தான் எழுதியிருந்தேன். எனக்கு வேலை ஒன்றும் இல்லை. கையில் கடைத் தாள் இருந்தது. மூத்தவர் வந்ததும் கேட்பாரே, அடியில் கூட்டல் போட்ட அடையாளமாவது இருக்கட்டும் என்று பேனாவை எடுத்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், சரிபார்க்க எடுக்கவில்லை. திட்டு வாங்காமல் இருக்க எடுத்தேன்.

பதினாறு, இருபது. அவசரத்தில் இரண்டையும் பெருக்கினேன், முந்நூற்று இருபது. பதினாறில் ஐந்து என்பது முந்நூற்று இருபதில் நூறு. மூன்று நூறு, முந்நூறு. இருபதில் ஒன்று, பதினாறு. ஆக, முந்நூற்றுப் பதினாறு.

நாலு குறைந்தது.

மறுபடியும் கூட்டினேன். மறுபடியும் நாலு குறைந்தது. நிலத்தின் அளவுகளை நான் கூட்டிப் பார்த்திருந்தேன், அதெல்லாம் சரியாக இருந்தது. இப்போதுதான் அதற்கும் காரணம் புரிந்தது. நிலத்தை அளந்த சர்வேயர் மரகதத்தின் ஒரு மாவைக் கழித்துவிட்டு, மிச்சம் இருந்த நிலம் அத்தனையையும் மூன்றாகப் பிரித்திருந்தார். நிலம் காணாமல் போகவில்லை. யாருடைய பங்கோ மற்றவர்கள் பங்குக்குள் போய் உட்கார்ந்திருந்தது.

இந்த இடத்தில் என் புத்தி என்ன சொல்லிற்று என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முந்நூற்று இருபதில் நாலு. நூற்றுக்கு ஒன்றேகால். பெரியவர் காலத்தில் கணக்குப்பிள்ளை யாராவது விட்டிருப்பான். நாலு பேரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டாயிற்று. யார் கூட்டிப் பார்க்கப்போகிறார்கள்? தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பேசாமல் இரு. இப்படித்தான் சொல்லிற்று. நான் ஒன்றும் அரிச்சந்திரன் வீட்டுப் பெண் இல்லை. தாளை இரண்டாக மடிக்கக்கூடச் செய்தேன்.

என்னைக் காப்பாற்றியது ஐந்தாம் வகுப்பில் வாங்கிய குட்டுதான். விடையைச் சுருக்காமல் விட்டால் எங்கள் கணக்கு டீச்சர் பாதி மதிப்பெண்தான் போடுவார். அந்தப் பழக்கம் கையில் இருந்தது. முந்நூற்று இருபது எதற்கு, பதினாறுக்கும் இருபதுக்கும் மீச்சிறு பொது மடங்கு எண்பதுதானே என்று மடித்த தாளின் ஓரத்தில் எழுதினேன். எண்பதில் இருபத்தைந்து, இருபத்தைந்து, இருபத்தைந்து, நாலு. எழுபத்தொன்பது.

எண்பதில் ஒன்றைக் காணோம்.

முந்நூற்று இருபதில் நாலு என்றபோது அது ஏதோ பிசிறு மாதிரி தெரிந்தது. எண்பதில் ஒன்று என்றதும் அது ஒரு பொருளாகிவிட்டது. ஒன்று என்று முழுசாக நிற்கிற எதற்கும் ஒரு பெயர் இருக்க வேண்டும் என்று தோன்றிற்று. தெருவைக் கடந்து கடைக்கு ஓடினேன். பீரோவைத் திறந்து, கதவில் இருந்த அட்டையை முதல் தடவையாகப் படித்தேன். இருபதில் ஒன்று, மா. எண்பதில் ஒன்று, காணி. பதினாறில் ஒன்று, மாகாணி.

மாவும் காணியும் சேர்ந்தால் மாகாணி. எண்பதில் நாலும் எண்பதில் ஒன்றும் எண்பதில் ஐந்து, அதாவது பதினாறில் ஒன்று. நகலை எடுத்துப் பார்த்தேன். வரி முடிவில் மா, அடுத்த வரியில் காணி. எழுதியவருக்கு ஓரத்தில் இடம் போதவில்லை, ஒரே சொல்லை இரண்டாக உடைத்திருக்கிறார். நான் அதை இரண்டு சொல்லாகப் படித்துவிட்டேன். மூன்று மகன்களுக்கும் பதினாறில் ஐந்து, ஐந்து, ஐந்து, மகளுக்கு ஒன்று. பெரியவர் கணக்கு கச்சிதமாகத்தான் இருந்தது. அந்த அம்மாள் காலையில் என்ன கேட்டார் என்பதும் அப்போதுதான் என் காதில் விழுந்தது.

நான் திரும்பி வராந்தாவுக்கு வரவும், உள்ளே இருந்து எங்கள் பெயரைக் கூப்பிடவும் சரியாக இருந்தது. கலியபெருமாள் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார். நான் கதவை மறித்துக்கொண்டு நின்றேன்.

"உள்ள போக வேண்டாங்க. பத்திரத்துல தப்பு இருக்கு."

"என்ன தப்பு?"

"மரகதம் அக்காவுக்கு மா மட்டும் எழுதிட்டேன். அது மாகாணி. தப்பு என்னோடதுதான்."

கலியபெருமாளுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏம்மா, ஆளக் கூப்புடற நேரத்துல வந்து சொல்றீங்களே, காலைல கையெழுத்து வாங்கறப்ப தூங்கிட்டா இருந்தீங்க?"

"ஆமாங்க. தூங்கிட்டுத்தான் இருந்தேன். இப்பதான் முழிச்சேன்."

மனை போடுகிறவர் நடுவில் வந்தார். "எவ்வளவும்மா வித்தியாசம்? ஒண்ணேகால் பர்சென்ட்டா? இதுக்குப் போய் இவ்ளோ ஆர்ப்பாட்டமா? இன்னிக்கு முடிச்சுருவோம். அப்புறமா ஒரு பிழைதிருத்தல் பத்திரம் போட்டுக்கிட்டாப் போச்சு."

இந்த வார்த்தைக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்கும் யாராவது இதைச் சொல்வார்கள், நல்லவர் மாதிரியே சொல்வார்கள். பிழைதிருத்தலுக்கு நாலு பேரும் திரும்ப வர வேண்டும். ஒருவர் அமெரிக்காவில், ஒருவர் சிங்கப்பூரில். அதற்குள் சாலையோரம் கைமாறி, வீடு இடிபட்டு, அந்த இடத்தில் நம்பர் போட்ட கல் நின்றிருக்கும். இடித்த வீட்டை எந்தப் பத்திரத்தாலும் திருத்த முடியாது.

"திருத்தறதுன்னா இப்பவே, இங்கயே. இத நான் உள்ள கொடுக்க மாட்டேன்" என்றேன். உரிமம் போனாலும் போகட்டும் என்று தைரியமாக நினைத்தேன் என்று சொல்ல ஆசைதான். அப்படி நினைக்கவில்லை. பயந்துகொண்டேதான் சொன்னேன்.

ரவி கையை நீட்டினார். "மேடம், அந்தப் பேப்பரக் குடுங்க."

அவர் சுவரில் தாளை வைத்து, தானே கூட்டினார். பதினாறு, இருபது, எண்பது. எழுபத்தொன்பது. மறுபடியும் ஒரு தடவை. நகலில் அந்த இரண்டு வரியையும் விரல் வைத்துப் படித்தார். பிறகு கலியபெருமாள் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, எண்பதுல ஒண்ணுன்னா எத்தனை குழி வரும்?"

"ரெண்டாயிரத்துல எண்பதுல ஒண்ணு... இருபத்தஞ்சு."

"மரகதம் அத்தாச்சி வீடு கொல்லையோட எத்தனை குழி?"

முந்தின நாள்தான் மனைக்காக அந்த மூலையைச் சங்கிலி பிடித்து அளந்திருந்தார்கள், பிடித்தவரே கலியபெருமாள்தான்.

"இருபத்தஞ்சு" என்றார். முன்பு சொன்ன அதே எண்தான். ஆனால் இந்தத் தடவை குரல் கீழே போய்விட்டது.

அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். வயலுக்கு மா, சாலையோரத்து வீட்டுக்குக் காணி. பெரியவர் மகளுக்கு மா வயலையும், வீடு கட்டக் காணியையும் நினைத்துத்தான் மாகாணி என்று எழுதியிருக்கிறார். யாருக்கும் சந்தேகம் வர இடமில்லாமல் போயிற்று.

"எங்கப்பா இரக்கப்பட்டு விட்ட எடம்னுதான் சொல்லுச்சு" என்றார் கலியபெருமாள். "நானும் முப்பது வருஷமா அதையேதான் சொல்லிட்டிருந்தேன். ஏன் மரகதம், நீ ஒரு தடவகூட சண்டைக்கு வரலியே?"

"என்னத்தச் சொல்லிச் சண்டை போடறது அத்தான்? மாவும் காணியும் நம்மளுதுன்னு எங்கம்மா சொல்லும். அது எவ்வளவுன்னு அதுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது." என்னை ஒரு பார்வை பார்த்தார். "தெரிஞ்சவங்களக் கேட்டேன். வந்திருக்குன்னாங்க."

அந்த வார்த்தை என்னை அறைந்ததுபோல் இருந்தது. அவர் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். "மன்னிச்சுக்குங்கக்கா" என்றேன்.

மணி மூன்றே முக்கால். புதிதாகப் பத்திரம் எழுத, எல்லைகளை மாற்ற, குறைந்தது ஒரு வாரம் வேண்டும். ரவி அதுவரை இருக்க முடியாது. பவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றேன். இரண்டு பக்கம், அரை மணி நேர வேலை. "எழுதுங்க" என்றார். சிங்கப்பூர்க்காரர் மாதிரி இவரும் கலியபெருமாள் பெயருக்கே கொடுப்பார் என்று நினைத்து அந்தப் பெயரை டைப் அடிக்க ஆரம்பித்துவிட்டேன். பாருங்கள், ஒரே நாளில் இரண்டாவது தடவை கேட்காமல் எழுதுகிறேன்.

"இல்ல மேடம். அத்தாச்சி பேருக்கு" என்றார் ரவி.

கலியபெருமாள் தலையை நிமிர்த்தினார். சண்டை வரப்போகிறது என்று நான் டைப்ரைட்டரில் இருந்து கையை எடுத்துவிட்டேன்.

"தப்பா நினைக்காதீங்கண்ணே. நம்ம மூணு பேர்ல யாருக்கும் அந்தக் காணி ஞாபகம் இல்ல. அவங்களுக்கு இருந்துச்சு."

கலியபெருமாள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டார். "எழுதுங்கம்மா, எழுதுங்க. இனிமே எம் பங்குக்கும் அவளத்தான் கேக்கணும்போல." மனை போடுகிறவர் எப்போது போனார் என்று நான் பார்க்கவில்லை. அவர் பிறகு சாலையோரத்தின் மறு கோடியை வாங்கிக்கொண்டார், மரகதத்தின் வீட்டை விட்டுவிட்டு. கரண்ட் வந்தது. அன்றைய கடைசிப் பத்திரமாகச் சார்பதிவாளர் அந்தப் பவரை எடுத்துக்கொண்டார். ஐந்தே காலுக்கு ரவியின் கார் கிளம்பியது.

கடைக்கு வந்து உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரை முழுசாகக் குடித்தேன். அழுகை வந்தது, அழுதேன். அவமானத்தால் இல்லை. ஒரு கரண்ட் போயிருக்காவிட்டால், ஒரு அரை மணி நேரம் முன்னால் கூப்பிட்டிருந்தால் என்று நினைத்து நினைத்து, தப்பித்தோமே என்று வந்த அழுகை. இவ்வளவு நிம்மதியாக நான் அதற்கு முன்பும் பின்பும் அழுததில்லை.

இரண்டு நாள் கழித்து மூத்தவர் மாலை வாசனை போகாமலே கடைக்கு வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டவில்லை. கடைத் தாளைக் கேட்டு வாங்கி, மொத்தம் ஒன்று என்று நான் எழுதியிருந்ததையும், ஓரத்தில் எழுபத்தொன்பது என்று எழுதியிருந்ததையும் பார்த்துவிட்டு, "ரெண்டும் உன் கையெழுத்துதானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "பரவால்ல, ரெண்டாவதும் இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தத் தாள் இன்னும் என் பைபிளுக்குள் இருக்கிறது. வேண்டுமானால் வந்து பாருங்கள், தொட விட மாட்டேன்.

அடுத்த வாரம் புதுப் பத்திரம் தயார். மரகதம் தனக்காகவும் ரவிக்காகவும் இரண்டு தடவை கையெழுத்துப் போட வேண்டும். பேனாவை எடுத்தவர் போன தடவை மாதிரியே என்னைப் பார்த்தார்.

"மாவும் காணியும் சரியா வந்திருக்காம்மா?"

இந்தத் தடவை நான் வந்திருக்கிறது என்று சொல்லவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவர் பக்கம் திருப்பி வைத்தேன். "கலியபெருமாள் அத்தானுக்கு இருபத்தஞ்சு" என்று எழுதினேன். "சிங்கப்பூராருக்கு இருபத்தஞ்சு. ரவி தம்பிக்கு இருபத்தஞ்சு." முந்நூறு பிள்ளைகளுக்கு அரிசி அளக்கிறவர் அவர், உதடு என்னோடு சேர்ந்தே கூட்டிக்கொண்டு வந்தது. "உங்க மாவுக்கு நாலு" என்று எழுதி நிறுத்தினேன். "எழுபத்தொம்பது" என்றார். "காணிக்கு ஒண்ணு" என்று எழுதினேன். கோடு போட்டேன். மொத்தத்தை நான் எழுதவில்லை, பேனாவை எடுத்துவிட்டுக் காத்திருந்தேன்.

"எண்பது" என்றார் மரகதம். "எங்க போடணும், காட்டுங்க."